வெயில் நேரத்துப் பிள்ளை

எங்கள் மகள் ஜோவிட்டா சொன்ன நேரத்தில் தூங்கவில்லை, சொன்ன நேரத்தில் பால் குடிக்கவில்லை. அதற்காக அவளையும் அவள் அம்மாவையும் பூமிக்குத் திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். கழுத்து நின்று கொஞ்ச நாளே ஆன பிள்ளைமேல் இப்படி ஒரு குற்றச்சாட்டு. கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு அப்போது வரவில்லை.

நாங்கள் இருப்பது செவ்வாயில். குடியிருப்புக்குத் தலைமையகம் வைத்த பெயர் வாசலில் பெரிய பலகையாக மாட்டியிருக்கிறது. அதை யாரும் வாயால் சொல்லிக் கேட்டதில்லை. முதல் கப்பலில் வந்தவர்களில் பாதிப் பேர் தூத்துக்குடிச் சீமை. கண்ணாடி வழியாக அந்தச் செம்மணல் மேடுகளைப் பார்த்ததும் எவனோ ஒருத்தன், "நம்ம ஊர் தேரி மாதிரில்லா கெடக்கு" என்றானாம். அன்றிலிருந்து இதற்குப் பெயர் தேரி.

தேரியில் இரண்டு நேரம் உண்டு. ஒன்று ஊர் நேரம், அதாவது இந்தியாவில் ஓடும் அதே நேரம். தலைமையகம் அங்கே இருக்கிறது, பெற்றவர்களும் உடன்பிறந்தவர்களும் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் சாப்பிடும்போது நாமும் சாப்பிட்டால் அவ்வளவு தூரத்தில் இருக்கிற மாதிரி தோன்றாது என்று முதலில் வந்தவர்கள் நினைத்தார்கள். மண்ணுக்கடியில் குடியிருக்கிற எங்களுக்கு விளக்குப் போட்டால் பகல், அணைத்தால் ராத்திரி. எந்த நேரம் வைத்துக்கொண்டால்தான் என்ன?

இன்னொன்று வெயில் நேரம். மேலே சூரியத் தகடுகளில் தூசி துடைக்கிறவர்களுக்கு மட்டும் அது. செவ்வாயின் ஒரு நாள் நம் நாளைவிட சுமார் நாற்பது நிமிடம் நீளம். ஆகவே மேலே விடியல் தினமும் ஊர் நேரத்தைவிட்டு நாற்பது நாற்பது நிமிடமாகப் பின்னால் நழுவிக்கொண்டே போகும். இன்றைக்கு விடிகாலையில் வேலைக்குப் போகிறவள் இரண்டு வாரம் கழித்து மத்தியானம் போவாள், அப்புறம் ராத்திரி போவாள். ஐந்து வாரம் ஆனால் சுற்றி வந்து இரண்டு நேரமும் மறுபடி ஒட்டும்.

என் மனைவி ஜெசிந்தா தகட்டு வேலைக்காரி. நான், அமலதாஸ், கீழே தண்ணீர்ப் பம்புகளைப் பார்த்துக்கொள்கிறவன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் எழுந்திருக்கும்போது நான் படுப்பேன், நான் எழுந்திருக்கும்போது அவள் படுப்பாள். இரண்டு நேரமும் ஒட்டும் வாரத்தில்தான் ஒரே மேசையில் சேர்ந்து சாப்பிடுவோம். பம்பு ரூமில் என்னோடு வேலை பார்க்கும் செய்யது அந்த வாரத்துக்குத் தேன்நிலவு என்று பெயர் வைத்திருந்தான். "தாசண்ணே, இந்த வாரம் தேன்நிலவா? மொகத்துல அசடு வழியுது" என்று எல்லார் முன்னாலும் கேட்பான். வெட்கம் கெட்டவன்.

அப்படி ஏதோ ஒரு தேன்நிலவில் உண்டானவள்தான் ஜோவிட்டா. தேரியில் பிறந்த முதல் பிள்ளை.

பிரசவம் பார்த்தவர் டாக்டர் கோகிலவாணி. கோபிசெட்டிபாளையத்துக்காரர். குழந்தைக்கு எப்போது பால், எப்போது தூக்கம் என்று தலைமையகத்தின் குழந்தைநலக் குழு ஒரு அட்டவணை அனுப்பியிருந்தது. அதை வீட்டுச் சுவரில் ஒட்டியபடியே டாக்டரம்மா சொன்னார்:

"மொத மூணு மாசம் இதைப் பத்திக் கவலைப்படாதீங்க தம்பி. எந்தக் கொழந்தைக்கும் அப்பப் பகல் ராத்திரி தெரியாதுங்க. பசிச்சா அழுகும், நெறஞ்சா தூங்கும். அதுக்கப்புறம் மெல்ல மெல்லப் பழக்கோணும்."

சொன்ன மாதிரியே மூன்று மாதம் எங்கள் வீட்டில் பகலும் இல்லை ராத்திரியும் இல்லை. அதற்கப்புறம் ஒரு வாரம் பிள்ளை திடீரென்று சாமியாராகிவிட்டாள். விளக்கு அணைத்ததும் தூங்கினாள், விளக்கு போட்டதும் விழித்தாள், இடையில் ஒருமுறை பால் குடிக்க மட்டும் சிணுங்கினாள். அட்டவணையின் வெற்றி என்று தலைமையகத்திலிருந்து பாராட்டு வந்தது. அடுத்த வாரமே எல்லாம் கெட்டது. விளக்கு அணைத்தாலும் கொட்டக் கொட்ட விழித்துக் கிடந்தாள். விளக்கு போட்டால் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாள்.

பழக்கப்படுத்தினோம். தூங்கும் பிள்ளையை எழுப்பிப் பால் கொடுத்தோம், குடிக்கவில்லை. பசித்து அழுதபோது நேரம் வரட்டும் என்று தோளில் போட்டு நடந்தோம். அழுது அழுது களைத்துத் தூங்கிவிடுவாள். எடை இறங்கியது. தொடையில் விழுந்திருந்த மடிப்பு காணாமல் போனது. அம்மாவின் வேலை நேரம் தாறுமாறாக இருப்பதுதான் காரணம் என்று குழு முடிவுசெய்து, பிள்ளையை அவளிடமிருந்து பிரித்து என்னோடு குழந்தை அறையில் படுக்க வைக்கச் சொன்னது. ஜெசி மேலே தகட்டுக் கொட்டகையில் பால் எடுத்துப் பிளாஸ்கில் ஊற்றி லிஃப்டில் அனுப்புவாள். ஓய்வு நேரத்தில் எடுப்பதையும் கதவருகில் கொடுத்துவிட்டுப் போவாள். குளிர்பெட்டியில் சேமித்து வைக்க எங்களிடம் மின்சாரம் கிடையாது. வந்த சூட்டோடு நான் கொடுப்பேன்.

அப்படியும் பிள்ளை மாறவில்லை. குழுவின் தலைவர் சங்கரநாராயணன் வீடியோவில் பேசினார். அங்கிருந்து பேச்சு வந்து சேரவே பல நிமிடம் ஆகும் என்பதால் பதில் பேச்சுக்கு இடமில்லை, கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும். கெட்ட மனிதர் இல்லை. குரலில் வருத்தம் இருந்தது.

"குடியிருப்போட நேரத்துக்குக் குழந்தை ஒத்துப்போகணும்கிறது விதி. ஒத்துப்போகாம எடையும் குறைஞ்சா அங்க வெச்சு வளர்க்கறது பாதுகாப்பு இல்லை. அடுத்த கப்பல் கிளம்பறதுக்குள்ள சரியாகலைன்னா அம்மாவையும் குழந்தையையும் அனுப்பிவைங்க. இனி அங்க பிரசவம் வேண்டாம்னு குழு நினைக்குது."

எனக்கு ஒப்பந்தம் முடிய இன்னும் ஆறு வருடம் இருந்தது. கப்பலில் எனக்கு இடம் இல்லை. பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வயதில்தான் நான் அவளைப் பார்ப்பேன். அன்றைக்கு ஜெசி பிள்ளையின் உள்ளங்காலைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சில நாள் கழித்து, ஒரு காலையில் நான் பம்பு ரூமுக்குள் நுழைந்ததும் செய்யது வழக்கம்போல ஆரம்பித்தான்.

"என்னண்ணே, மொகம் தெளிஞ்சிருக்கு. ஓ, தேன்நிலவு வாரமா?"

"எங்க தேன்நிலவு? பிள்ள நேத்து நல்லாத் தூங்குனா, நானும் தூங்குனேன். அதாம்ல."

சொல்லிவிட்டு அப்படியே நின்றேன். போன தடவை பிள்ளை நல்லபடியாகத் தூங்கியதும் தேன்நிலவு வாரத்தில்தான். கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு நேராக டாக்டரம்மாவிடம் ஓடினேன்.

"டாக்டரம்மா, பிள்ள தாறுமாறா முழிக்கல. வெயில் நேரத்துக்கு முழிக்கா. மேல விடியுதப்போ அவ எந்திரிக்கா. ரெண்டு நேரமும் ஒட்டுத வாரத்துல மட்டும் நமக்குச் சரியாத் தெரியுது."

டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்து என்னையே பார்த்தார்.

"அவ சூரியனைப் பாத்ததே இல்லைங்களே. மேல இத்தனை ஆழம் மண்ணு. அம்மாகூடவும் படுக்கறதில்லை. அவளுக்கு எப்படித் தெரியும்?"

"அது எனக்குத் தெரியாது. ஆனா தெரிஞ்சிருக்கு."

பதில் ருகையாவிடமிருந்து வந்தது. ருகையா செய்யதின் மனைவி, காயல்பட்டினத்துப் பெண். ஜோவிட்டாவுக்கு ஒரு மாதம் பின்னால் அவளுக்கு முஹ்ஸின் பிறந்தான். அவளுக்குப் பால் ஊறவில்லை. ஜெசி தன் பாலைப் பகிர்ந்து கொடுத்தாள். கொடுக்கும் முன்னால் ருகையா சொன்ன வார்த்தை நன்றாக நினைவிருக்கிறது.

"அக்கா, ஒங்க பால் குடிச்சா எங்க வழக்கப்படி எம்புள்ளைக்கு நீங்களும் ஒரு உம்மா. ரெண்டு புள்ளையளும் கூடப்பொறந்ததுதான், நாளைக்குக் கல்யாணம் கட்டக்கூடாது. இங்க இருக்குறதே ரெண்டு புள்ள. நல்லா யோசிச்சுக்கிடுங்க."

"ரெண்டும் அக்கா தம்பியா இருந்துட்டுப் போட்டும். மொதல்ல பசியாறட்டும்" என்றாள் ஜெசி. அன்றிலிருந்து ருகையா அவளை அக்கா என்று கூப்பிடுவதில்லை, லாத்தா என்றுதான் கூப்பிடுவாள். சொந்த அக்காவை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அந்த ருகையா இப்போது மகனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவளும் செய்யதும் ஊர் நேரத்து ஆட்கள். குடியிருப்பின் மறு கோடியில் வீடு. பையனுக்கு மூன்று மாதம் தாண்டியிருந்தது.

"டாக்டர், ஜோவிட்டாவுக்கு வந்தது இவனுக்கும் தொத்திக்கிட்டு போல. ஒரு வாரமா தினமும் கொஞ்சம் கொஞ்சம் தள்ளித் தள்ளி முழிக்கான்."

டாக்டரம்மா எழுந்து நின்றுவிட்டார்.

"தொத்து இல்லைங்க. பாலு" என்றார். பிறகு மெதுவாக, தனக்கே சொல்லிக்கொள்வதுபோல விளக்கினார். "ராத்திரி ஊறுற பாலும் காலைல ஊறுற பாலும் ஒண்ணு இல்லீங்க. ராத்திரிப் பால்ல தூக்கத்துக்கு உண்டான சத்து இருக்கும். காலைப் பால்ல முழிப்புக்கு உண்டானது இருக்கும். கொழந்தைக்குச் சொந்தமா நேரம் தெரியற வரைக்கும் அம்மா ஒடம்பு பால்லயே நேரம் சொல்லி அனுப்புது. ஜெசிந்தா தெனமும் வெயில்ல நிக்கறாங்க. அவங்க ஒடம்புக்குள்ள ஓடறது வெயில் நேரம். அதைத்தானுங்க ரெண்டு பேருக்கும் ஊட்டியிருக்காங்க."

நான் பம்புக்காரன். எந்தக் குழாயில் எது போகிறது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. மேலே கொட்டகையிலிருந்து என் கையாலேயே எத்தனை பிளாஸ்க் இறக்கியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் விடியலும் அந்தியும் இறங்கி வந்திருக்கிறது.

தலைமையகத்துக்கு எழுதினோம். அவர்களுக்கும் ஆச்சரியம்தான். ஆனால் ஆச்சரியப்பட்டு முடித்ததும் ஆபீஸ் மூளை வேலை செய்தது. பால்தான் காரணம் என்றால் பாலை நிறுத்துங்கள், மாவுப் பால் கொடுங்கள், ஊர் நேரத்துக்கு வந்துவிடுவார்கள், யாரையும் அனுப்ப வேண்டியதில்லை. நியாயமான யோசனை. உண்மையைச் சொன்னால் எனக்கு உயிர் வந்தது.

ஜெசிக்கு அப்படி இல்லை. பாலை நிறுத்துவதற்குப் பதில் அவளை ஒரு மாதம் கீழே வேலைக்கு மாற்றலாம் என்றார் டாக்டரம்மா. தகடு துடைக்க ஆள் பற்றாது, விளக்கே மங்கிவிடும் என்று தகட்டுக் கொட்டகையில் மறுத்துவிட்டார்கள். மார் கட்டி வலித்தது அவளுக்கு. பிழிந்து தொட்டியில் ஊற்றினாள்.

"அந்தத் தண்ணியும் ஒங்க பம்பு வழியாத்தான போவும்?" என்று கேட்டாள்.

"ஆமா. சுத்தமாயி திரும்பி வரும்."

"அப்போ இந்த ஊரே குடிக்கட்டும்" என்றாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, உடனே அழுகையும் வந்தது.

பிள்ளைகள் மாவுப் பால் குடித்தார்கள். அட்டவணைப்படி விளக்கு போட்டோம், அணைத்தோம். ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம். மாற்றமே இல்லை. மேலே விடியும்போது ஜோவிட்டா இங்கே கண் விழித்தாள். மறு கோடியில் முஹ்ஸினும் விழித்தான். ஒரு நாள் தவறவில்லை.

"இப்ப யாருங்க இவங்களுக்கு நேரம் சொல்றது?" என்று கேட்டேன்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். "தெரியலீங்க தம்பி. நெசமாலுமே தெரியலீங்க. நம்ம ஒடம்பெல்லாம் பூமில பழகுனது. வெயில் கண்ணுல படாம இருந்தா இத்தனை நீள நாளுக்கு நம்மளால தாக்குப்பிடிக்க முடியாது. இவங்க ஒருக்காக் கத்துக்கிட்டாங்க, அவ்வளவுதான் சொல்லுவேன். இந்த மண்ணோட நாளு இவங்க ஒடம்புல ஏறிருச்சுங்க."

கப்பல் கிளம்ப இரண்டு வாரம் இருந்தது. ஜெசி பெட்டி கட்ட ஆரம்பித்தாள். பெட்டி கட்டுகிறவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எங்கம்மா பெத்த பிள்ளைகளைப் பூராவும் குளிப்பாட்டிட்டு எளவெயில்ல காட்டுவாங்க. எம்பிள்ளைக்கு நான் அதச் செய்யல. போறதுக்கு முன்னால ஒருக்கா மேல கொண்டுபோய்க் காட்டணும்."

கொஞ்ச நேரத்துக்கு மட்டும் என்று டாக்டரம்மா ஒத்துக்கொண்டார். தகட்டுக் கொட்டகையின் கிழக்குப் பக்கம் முழுவதும் கனத்த கண்ணாடி. அன்றைக்கு மேலே விடியும் வேளை, கீழே ஊர் நேரப்படி சாயங்காலக் காப்பி வேளை. செய்தி எப்படியோ பரவியிருந்தது. லிஃப்ட் மறுபடி மறுபடி இறங்கி ஏறியது. காப்பி டம்ளரும் கையுமாகப் பாதிக் குடியிருப்பு அங்கே நின்றது. மேலே வந்தே இராத ஆட்கள் நிறையப் பேர் இருந்தார்கள். வந்து பழகிய சிலரும் இந்த ஊர் விடியலை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

ராத்திரித் தூசிக்காற்றுக்காகக் கண்ணாடிக்கு வெளியே இரும்பு ஷட்டர் இறக்கியிருந்தது. ஜெசி அதை ஏற்றப் போனாள். டாக்டரம்மா தடுத்தார்.

"இருக்கட்டுங்க. வெளிச்சம் வராம எந்திரிக்கறாங்களான்னு பாக்கோணும்."

கொட்டகையில் ஒரே ஒரு சின்ன விளக்கு. ஜோவிட்டா என் தோளில் தூங்கினாள். முஹ்ஸின் ருகையாவின் மடியில் தூங்கினான். காப்பியை உறிஞ்சுகிற சத்தம்கூட நின்றுவிட்டது. வெளியே சூரியன் எங்கே இருக்கிறது என்று காட்டும் திரையை ஜெசி மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் முஹ்ஸின் காலை உதைத்தான். என் கழுத்தில் ஜோவிட்டாவின் மூச்சு மாறியதை உணர்ந்தேன். தலையைத் தூக்கினாள், கண்ணைத் திறந்தாள், மூடியிருந்த அந்த இரும்பு ஷட்டர் பக்கம் திரும்பினாள். அங்கே பார்க்க ஒன்றுமே இல்லை.

"இப்பதான் எழும்புது" என்றாள் ஜெசி. ஷட்டரை ஏற்றினாள்.

செம்மணல் மேட்டுக்கு மேலே சின்னதாக ஒரு சூரியன். அதைச் சுற்றி நீலம். பகலெல்லாம் சிவந்து கிடக்கும் இந்த ஊர் வானம் விடியும்போதும் அடையும்போதும் மட்டும் சூரியனைச் சுற்றி நீலமாக இருக்கும். அந்த நீலம் இரண்டு பிள்ளைகளின் முகத்திலும் விழுந்தது. என் மகள் அதைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. தெரிந்த ஆளைப் பார்த்த மாதிரி சிரித்தாள். ஆச்சரியப்பட்டவர்கள் நாங்கள்தான். எனக்குப் பக்கத்தில் நின்ற சமையல்காரர் காப்பி டம்ளரைத் தரையில் வைத்துவிட்டுக் கைகூப்பினார். செய்யது வாயைத் திறக்கவே இல்லை, அதுவே ஓர் அதிசயம்.

ருகையாதான் முதலில் பேசினாள்.

"லாத்தா, புள்ளையள் ஊர் நேரத்துக்கு வரணும்னுதான சொல்லுதாங்க. இது எந்த ஊரு? இந்த ஊருக்கு இப்பத்தான விடியுது."

"அதுக்கு?" என்றான் செய்யது.

"அவங்களுக்கு மாத்த முடியல. நமக்கு மாத்திக்கிட்டா என்ன?"

அன்றைக்கே குடியிருப்புக் கூட்டம் போட்டார்கள். லேசில் முடியவில்லை. ஊர் நேரத்தை விட்டால் வீட்டோடு இருந்த ஒட்டு போய்விடும். அம்மா மாலை விளக்கு ஏற்றும்போது இங்கே நாமும் ஏற்றுகிறோம் என்ற நினைப்புப் போய்விடும். ஒரு பெரியவர் எழுந்து, தன் மனைவியின் இரவுச் சாப்பாட்டு நேரத்தில்தான் தினமும் தானும் சாப்பிடுவதாகச் சொல்லி அழுதார். பிறகு அவரே முதல் ஆளாகக் கை தூக்கினார். ருகையாவும் கை தூக்கினாள். காயல்பட்டினத்தில் அவளுடைய உம்மா தூங்கப்போகும் முன்னால் தினமும் ஒரு வார்த்தை பேசி அனுப்புவது ருகையாவின் வழக்கம். இனி பல நாள் அந்த நேரத்தில் அவள் நல்ல தூக்கத்தில் இருப்பாள். தெரிந்துதான் தூக்கினாள்.

மறுநாளிலிருந்து தேரி முழுவதும் வெயில் நேரம். பிள்ளைகளுக்கு மறுபடி தாய்ப்பால். அட்டவணை சுவரிலேயே இருந்தது. அதில் எதையும் மாற்றவில்லை, கடிகாரத்தைத்தான் மாற்றினோம். பத்தே நாளில் ஜோவிட்டாவின் தொடை மடிப்பு திரும்பி வந்தது. டாக்டரம்மா தலைமையகத்துக்கு அறிக்கை அனுப்பினார். "குழந்தைகள் இருவரும் குடியிருப்பின் நேரத்துக்கு முழுமையாக ஒத்துப்போகிறார்கள். எடை கூடியிருக்கிறது." அவ்வளவுதான் அறிக்கை. கூடவே புதிய நேரத்தையும், ஷட்டர் மூடியிருந்த அந்த விடியலில் நடந்ததையும் மறைக்காமல் சொல்லியிருந்தார்.

பதில் வருவதற்குள் எனக்கு நகம் தீர்ந்துவிட்டது. சங்கரநாராயணன் திரையில் வந்தார். அறிக்கையை இரண்டு தடவை படித்த முகம்.

"விதிப்படி சரியாத்தான் இருக்கு. யாருக்கு யார் ஒத்துப்போகணும்னு விதியில எழுதல, அதனால நானும் கேக்கல. அவங்க அங்கேயே இருக்கட்டும்." அணைக்கப் போனவர் நிறுத்தினார். அதிகாரி குரல் போய்விட்டது. "டாக்டர், ஒண்ணே ஒண்ணு. ஷட்டர் மூடியிருக்கறப்பவே முழிச்சாங்களா? நிஜமாவா?"

கப்பல் போய்விட்டது. ஜெசியின் பெட்டியில் இப்போது குழந்தைத் துணி இருக்கிறது. நானும் அவளும் தினமும் ஒரே மேசையில் காலைச் சாப்பாடு சாப்பிடுகிறோம். பிழைப்பு கெட்டுப்போனது செய்யதுக்குத்தான். கேலி செய்ய ஒரு வாரம் இல்லாமல் போய்விட்டது.

குடியிருப்பு விளக்குகளை விடியலுக்கு எரியும்படி எலெக்ட்ரீஷியன் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். ரொம்பத் துல்லியமான ஆள். ஆனாலும் தினமும் இருட்டில் முதலில் ஜோவிட்டா சிணுங்குகிறாள், ஜெசி அவளை எடுத்து மாரோடு அணைக்கிறாள், அதற்கப்புறம்தான் விளக்கு எரிகிறது.